அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

1

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு சமாதானப் பேச்சுவார்த்தையை நடத்தி வைத்தேன். இடம், ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் வாடகைக் குடியிருப்பின் நிலவறை. ஒரு தரப்பு, மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எதிர்த்தரப்பு, முதல் மாடியில் இரட்டைக் குழந்தைகளோடு திண்டாடும் இளம்பெண். தகராறு, துணி உலர்த்தும் மெஷினின் சல்லடையில் சேர்ந்த பஞ்சை எடுக்காமல் போனது யார் என்பது.

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இங்கே பல அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு வாஷிங் மெஷின் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் நிலவறையில் ஒரே ஓர் அறை. சுவரில் நாள்வாரியாகத் துளை போட்ட பலகை இருக்கும். வீட்டுக்கொரு குட்டிப் பூட்டு. வேண்டிய நேரத்தில் பூட்டை மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் உங்கள் முறை. அடுத்தவர் முறையில் பத்து நிமிடம் தாண்டினால் போதும், சண்டைதான். ஆனால் யாரும் கத்த மாட்டார்கள். ஒரு தாளில் மிக மரியாதையாக எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். அதற்குக் கீழே இன்னொருவர் இன்னும் மரியாதையாகப் பதில் ஒட்டுவார். இப்படித் தாள்கள் சேர்ந்து, இரண்டு வீட்டுக்காரர்கள் படியில் பார்த்துக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்ததும், கோப்பு என் மேசைக்கு வரும்.

என் பதவியின் பெயர் குடியிருப்பு உறவு ஆலோசகர். என் தகுதி, அமைதியும் முரண்பாடும் பற்றிய முதுகலைப் பட்டம். என்னோடு படித்த ஒருத்தி எல்லையோர முகாம்களில் வேலை செய்கிறாள். இன்னொருவன் டிவியில் போர்களைப் பற்றிக் கருத்துச் சொல்கிறான். எனக்கு வாய்த்தது பஞ்சு.

அதைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. வேலை கௌரவமான வேலைதான், குளிர்காலத்தில் நிலவறை கதகதப்பாகவும் இருக்கும். எழுத வைத்தது மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த ஒன்று. அதைச் சொல்ல வேண்டுமானால் இந்தப் படிப்புக்கு நான் வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

2

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் பச்சைமலை. மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும், கிணறு கைகொடுத்தால் சின்ன வெங்காயமும் போடுவோம். நான் திருச்சியில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அற்பச் சம்பளத்துக்கு ஐந்து வருடம் இருந்தேன். ஊர்ச் சண்டை நடந்த இடங்களுக்கு பைக்கில் போய் இரண்டு பக்கமும் கேட்டு அறிக்கை எழுதும் வேலை. அங்கே வந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர் சொல்லித்தான் இந்தப் படிப்புக்கு மனுப்போட்டேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டது.

ஊரில் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போலீஸ் வேலையா என்றார்கள் சிலர். சாமியாராகப் போகிறானா என்றும் ஒருவர் கேட்டார். பெரியப்பா மகன் ராமலிங்கம் அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சமாதானத்துக்குக் கூடவா தம்பி காலேஜ் வச்சிருக்கான்? நம்ம ஊர்ல ரெண்டு பக்கமும் கத்தி ஓஞ்சதும் யாராவது ஒருத்தர் வந்து கைப்புடிச்சு வூட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போவாரு. அதத்தான் அங்க ரெண்டு வருசம் படிக்கப் போறியா?” என்றார்.

அதைத்தான் படித்தேன். முக்கோணங்களாக, அம்புக்குறிகளாக, நிலை ஒன்று நிலை இரண்டு என்று. இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி, அதில் எங்களை அரசு, கிளர்ச்சிப்படை, நடுவர் என்று பிரித்து நடிக்க வைப்பார்கள். இரண்டு வருடமும் என்னைக் கிளர்ச்சிப்படைத் தளபதியாகவே போட்டார்கள். மீசைதான் காரணம் என்று நினைக்கிறேன். நடுவராக எப்போதும் உள்ளூர்ப் பொன்னிறத் தலைகள்தான். வகுப்பில் ஒருவன் இருந்தான், அவனுடைய தம்பி அவர்கள் நாட்டுச் சண்டையில் செத்தவன். போர்நிறுத்தம் பற்றிய தேர்வில் அவனைவிட, துப்பாக்கியை நேரில் பார்த்தே இராத ஒரு பெண் அதிக மதிப்பெண் வாங்கினாள். அவன் அதற்குக் கோபப்படவில்லை. அவள் நன்றாகப் படித்திருந்தாள் என்றான்.

அங்கே எனக்கு எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்தது ஒரு பாடம். மூன்றாவது ஆள் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. தனக்கு வேண்டியவர் பக்கம் சாய்வதுதான் எங்கள் ஊர்களைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதனால் அந்தப் பாடத்தை அப்படியே விழுங்கினேன்.

3

ஆய்வேட்டுக்கு எங்கள் கிணற்றை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பத்திரத்தில் சரிபாதி. திங்கள், செவ்வாய், புதன் பெரியப்பா வீட்டு முறை. வியாழன், வெள்ளி, சனி எங்கள் முறை. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடாது. கிணறு ஊறட்டும் என்று விட்டு வைத்த நாள் அது.

என் அக்கா தனலட்சுமியை அரியலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். நாலு வருடத்தில் அவர் இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பா வயல் கடைசியில் ஒரு ஏக்கரை நீ வைத்துக்கொள் என்று வாயால் சொன்னார். நிலம் இருந்து என்ன செய்ய, தண்ணீர் வேண்டுமே. அப்போதுதான் பெரியப்பா வரப்பில் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரைத் தனம் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு நாள் ஊறாவிட்டால் கிணறு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றார். அவ்வளவுதான். யாரும் அதை எழுதவில்லை, அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அக்கா அந்த ஒரு நாள் தண்ணீரில் வெங்காயம் போட்டுத் தன் சாப்பாட்டை யார் கையையும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டாள்.

பெரியப்பா போனார். அப்பாவும் போனார். நான் வெளிநாடு வந்ததும் எங்கள் பங்கை நிலத்தோடு ராமலிங்கம் அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டேன். ஞாயிறு மட்டும் அக்காவிடமே இருந்தது. அண்ணன் கேட்கவில்லை. அவர் பெரிய வள்ளல் என்று சொல்ல வரவில்லை. கேட்க வேண்டுமானால் முதலில் வாயைத் திறந்து “அது உன்னுது இல்ல” என்று சொல்ல வேண்டும். கட்டிய இடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணிடம் அதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பளைக்கும் வாய் வராது. சொல்லாத வரைக்கும் அது அக்காவுடையதுதான்.

இது எனக்கு அற்புதமாகப்பட்டது. என் பேராசிரியைக்கும்தான். எழுதப்படாத அமைதி என்று ஒரு அத்தியாயத்துக்கே தலைப்பு வைத்தார். அது எழுதப்படாததால்தான் அமைதி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர் ஸ்வீடன்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்தக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன்.

ஆய்வு நெறிக்குழு என்று ஒன்று உண்டு. மூன்று பக்க ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி, பேட்டி கொடுப்பவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அக்கா களை எடுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

“இதுல போட்டா என்னாவும் தம்பி?”

“ஒண்ணும் ஆவாதுக்கா. உன் பேரே வராது.”

பெயர் வரவில்லைதான். ஆய்வேட்டில் அக்கா மல்லிகா, அண்ணன் முருகேசன். கிணற்று முறையை அட்டவணையாகப் போட்டேன். ஒரு கட்டத்தில் கிழமை, அடுத்ததில் எடுப்பவர், கடைசியில் உரிமை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக எடுப்பவர் மல்லிகா, உரிமை இல்லை. நெறிக்குழுவின் கடைசி விதி, முடிவுகளை அந்த மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது. எவ்வளவு நல்ல விதி என்று நினைத்தேன். அட்டவணையோடு எட்டுப் பக்கச் சுருக்கத்தைப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் இருபது படி அடித்து, ஊரில் நானே கையில் கொடுத்தேன்.

டீக்கடையில் மல்லிகா யார், முருகேசன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நான் அங்கேயே இருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். ராமலிங்கம் அண்ணன் மட்டும் சிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத சங்கதி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது இப்போது அச்சில் இருந்தது. அவர் மச்சான் பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒரு படி அவர் கைக்கும் போயிற்று.

4

ஆறு மாதம் கழித்து போன் வந்தது. நான் பல்கலைக்கழக நூலகத்தின் நடைவழியில் நின்றேன். ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஏற்றிவிட்டதில் அண்ணன் ஞாயிறுத் தண்ணீரைக் கேட்டிருந்தார். அக்கா பதில் சொல்லாமல் கோயிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பேசியவர் எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மில்லுக்காரர் என்போம். எங்கள் ஊர்ப் பேச்சையெல்லாம் அவர்தான் முடித்து வைப்பார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தார்.

“தம்பி, நல்லா இருக்கியா? தனம் இங்கதான் இருக்கு. ஒங்க அண்ணனும் இருக்காரு. அந்த ஞாயித்துக்கெழமத் தண்ணி இருக்குல்ல, அது யாருதுன்னு நீயே ஒரு வார்த்த சொல்லிடு. பாதிப் பங்குக்காரன் நீ. நீ சொன்னா முடிஞ்சுது.”

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வி புரியும். பத்திரம் அவர்கள் கையிலேயே இருந்தது, அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கத் தேவையில்லை. உள்ளூரில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முடியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது, வெளியூரில் இருக்கும் பங்காளியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவன் “அக்காளுதுதாங்க” என்பான். “தம்பியே சொல்லிட்டான், அப்புறம் நான் என்ன சொல்றது” என்று எதிராளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். யாருக்கும் தலைகுனிவு இல்லை. இந்த வழக்கத்தைப் பற்றி ஆய்வேட்டில் நானே பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

அப்படி எழுதியவன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது இது:

“நான் ஒரு பக்கமா பேசக் கூடாதுங்க. பத்திரப்படி ரெண்டு வூட்டுக்கும் சரிபாதி. அக்காவுக்கு இருக்கறது பழக்கந்தான். உரிமை இல்லீங்க.”

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இருமினார். பிறகு மில்லுக்காரர், அப்ப சரி தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார். என் பங்கும் குத்தகையில் அண்ணனிடமே இருந்ததால் ஞாயிறு முழுவதும் அவருக்குப் போயிற்று.

அன்று எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பெருமையாக இருந்தது. சொந்த அக்காவுக்காகக்கூட நான் சாயவில்லை என்று பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். உங்களுக்கு மிகவும் கடினமாக இருந்திருக்கும் என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

5

அந்த வருடம் நட்டிருந்த வெங்காயத்தை அக்கா பாதி காயவிட்டுப் பாதியை எடுத்தாள். பிறகு பெரம்பலூரில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்தும் விடியாமல் முதல் பஸ், இருட்டும்போது திரும்பி வரும் பஸ். ஒரு ஏக்கரில் கருவேலம் முளைத்தது. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தவே இல்லை. வாரம் தவறாமல் போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டியா, பிள்ளை படிக்குதா, அங்க பனி பெய்யுதா. கோபித்துக்கொண்டு போனை வைத்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், ஒரு வழியாகியிருக்கும். அவள் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

நாலு வருடம் முன்பு அவளைக் கொஞ்ச நாள் இங்கே அழைத்து வரலாம் என்று தோன்றியது. பெரிய பிராயச்சித்தம் செய்வதாக நினைப்பு. விசாப் படிவத்தைக் கணினியில் திறந்து நானே நிரப்பத் தொடங்கினேன். அழைக்கப்படுபவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தது. நிலம், நிரந்தர வேலை, கணவன், குழந்தைகள் என்று வரிசையாகச் சின்னக் கட்டங்கள். அக்காவுக்கு எதிலும் டிக் போட முடியவில்லை. நிலம் என்ற கட்டத்தின் மேல் மவுஸ் அம்புக்குறியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு படிவத்தை மூடிவிட்டேன். அவளிடம் இந்த விஷயத்தையே சொல்லவில்லை.

நானும் மாறித்தான் போயிருக்கிறேன். இந்த வடக்குப் பகுதியில் ஆமாம் என்பதற்கு வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கடைசியாக ஊருக்குப் போனபோது ஒரு கையெழுத்துக்காகத் தாலுகா ஆபீசில் நின்றேன். அந்தக் கிளார்க் நீங்கள்தான் இன்னாரா என்று கேட்டதற்கு மூச்சை இழுத்தேன். அவர் பயந்துபோய் நாற்காலியை நகர்த்தி, உட்காருங்க சார், இளைப்பு இருக்கா என்றார். நான்கு நாள் லீவில் போயிருந்தேன். அந்த நான்கு நாளில் வயல் பக்கம் மட்டும் போகவில்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

6

என் மகள் கயல்விழிக்கு இருபத்துமூன்று வயது. இங்கே வரும்போது ஐந்து. அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் என்னிடம் ஏதாவது வேண்டும் என்றால்தான் வரும். பதினாறு வயதில் எங்கள் உறவுக்காரர்களின் பெயர்கள் தனக்கு ஒரே மாதிரி கேட்கின்றன என்றாள். அந்தப் பெண் போன வருடம், எத்தனையோ படிப்பு இருக்க, நான் படித்த அதே துறையில் போய் முதுகலைக்குச் சேர்ந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் துள்ளிக்கொண்டு போன் செய்தாள். துறையில் படித்தவர்களின் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்து, அதில் பேட்டி கொடுத்தவர்களை முடிந்தால் மறுபடி பார்த்து, ஆய்வுக்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டுமாம். “அப்பா, உங்களோடதை எடுத்திருக்கேன். வகுப்பிலேயே எனக்குத்தான் நேரா அந்த ஊருக்குப் போக முடியும்” என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை, உண்மையான காரணத்தைத் தவிர.

ஜனவரியில் போனாள். அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கினாள். முதல் வாரம் ரஞ்சன்குடிக் கோட்டை மேல் நின்று எடுத்த படங்களை அனுப்பினாள். அக்காவோடு விடுதிச் சமையலறையில் எடுத்த படம் ஒன்றும் வந்தது, இரண்டு பேரும் ஆளுக்கொரு கரண்டியோடு. அதற்குப் பிறகு படம் எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து மூன்றாம் நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கயல் நோட்டைப் பிரித்து, பிறகு மூடி வைத்தாள். தமிழில் பேசினாள். என்னிடம் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

“அந்த போன் பத்தி நீங்க எதுலயும் எழுதலையேப்பா.”

அது ஆய்வேடு முடிந்த பிறகு நடந்தது என்றேன். மூன்றாம் தரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கும் இப்போது சொல்லித் தந்திருப்பார்களே என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீங்க மூன்றாம் தரப்பு இல்லையே, பாதிப் பங்கு உங்களுடையதுதானே என்றாள். அதற்கு நான் பேசியதெல்லாம் இப்போது நினைவில் இல்லை. நீளமாகப் பேசினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

“பெரியப்பா என்ன சொன்னாருன்னு சொல்லட்டுமா?” என்றாள். ராமலிங்கம் அண்ணனைத்தான் சொல்கிறாள். நோட்டைத் திறந்து, அவர் பேச்சை அவர் பேசியபடியே எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஒங்கப்பனுக்கு போன் போடச் சொன்னதே நான்தாம்மா. மச்சான் பேச்சக் கேட்டு வாய விட்டுட்டேன். எல்லார் முன்னாலயும் எப்படித் திரும்ப அள்றது? தம்பி ஒரு வார்த்த அக்காளுதுன்னு சொல்லிட்டா எந்திரிச்சுப் போயிடலாம்னு செருப்பக்கூட மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.”

அவள் நோட்டை மூடினாள். கட்டுரையில் இதை எழுதட்டுமா என்று மட்டும் கேட்டாள். எழுது என்றேன். அத்தையிடம் பேசுங்கள் என்றாள். அதற்குச் சரி என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் பேசவில்லை. அதாவது, வாரம் தவறாமல் பேசினேன். சாப்பிட்டாயா, பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று.

7

வியாழக்கிழமைப் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. ஆசிரியை தன் முறையில் ஒரு மணி நேரத்தை அந்த இளம்பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தார். இரட்டைக் குழந்தைகளின் துணி அதிகமாயிற்றே என்றார். யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் கோப்பில் முடிவுற்றது என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்கு போன் செய்தேன். ஊரில் பிற்பகல், அவளுக்கு விடுதியில் லீவு நாள். வழக்கமான கேள்விகளை அவள் தொடங்குவதற்குள் நான் தொடங்கிவிட்டேன். மனசுக்குள் பலமுறை பேசிப் பார்த்து வைத்திருந்தேன், இருந்தாலும் கோர்வையாக வரவில்லை. அன்றைக்கு நான் சொன்னது தப்பு அக்கா என்றேன். படித்த திமிர் என்றேன். குத்தகையை ரத்து செய்யப் போகிறேன், கிணற்றில் எங்கள் பாதிப் பங்கு முழுவதையும் உன் பெயருக்கு எழுதி ரிஜிஸ்தர் செய்கிறேன், ஞாயிறு மட்டும் இல்லை, வியாழன், வெள்ளி, சனியும் உன்னுடையது என்றேன். அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவர் ஒத்துக்கொள்வார் என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கத்தியது.

“ஏன் தம்பி, இதுக்கா அழுவுற?” என்றாள்.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

“சரி தம்பி. எடுத்துக்கறேன். கருவேலத்த வெட்டச் சொல்லிட்டு வெத வெங்காயம் வாங்கிப் போட்டுடறேன். ஞாயித்துக்கெழம லீவுதானே எனக்கு. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத.”

“தண்ணி போதுமாக்கா?”

“ஏன் போதாது? நெறயாக் கெடக்கு தம்பி.”

போனை வைத்தேன். இங்கே வந்த பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு லேசான மனசு எனக்கு இருந்ததில்லை. எழுந்து டீ போட்டேன். கயல் அன்று காலைதான் துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் ஒரு டம்ளர் எடுத்துப் போய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையிடம் பேசிவிட்டேன், பங்கைக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டாள், வெங்காயம் போடப் போகிறாள். இதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள் என்றுகூடச் சொன்னேன்.

கயல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்பா, அந்தக் கிணத்துல தண்ணி இல்லை. பெரியப்பா தன் வயல்ல போர்வெல் போட்ட பிறகு வத்திப்போச்சு. மோட்டாரைக் கழட்டியே மூணு வருஷமாச்சு. உள்ள பூரா முள்ளுதான் கிடக்கு.”

அக்காவுக்கு இது தெரியாதா என்று கேட்டேன்.

“அத்தைதான் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அப்பாகிட்ட சொல்லாத, வருத்தப்படுவான்னு சொன்னாங்க.”